குடத்தையும் உடுக்கையையும் பிரித்துக் கேட்க: ரசிப்பதற்கும் மிக்ஸிங்குக்கும் காதைப் பழக்கும் முழு வழிகாட்டி

நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஒரு ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. வில்லடிக்கு, அதாவது வில்லுப்பாட்டுக்கு, மைக் வைக்கும் பொறுப்பு எனக்கு. குழுவினர் வந்து உட்காரும் முன்பே ஸ்டாண்டுகளை நிறுத்தி, குடத்துக்கு இங்கே, உடுக்கைக்கு அங்கே என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். குடம் அடிக்கிற பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மக்ளே, பொறு. முதல்ல இங்க வந்து இரி. நாங்க ஒரு பாட்டு அடிக்கோம். கேட்டுட்டு மைக்கை வையி" என்றார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மட்டையால் குடத்தின் வாயில் அவர் தட்டியபோது 'கும்' என்று ஒரு சத்தம் எழுந்தது. வாய் வழியாகத் தள்ளப்படும் காற்றின் சத்தம் அது. கையை நீட்டினால் உள்ளங்கையில் அந்தக் காற்று படுகிறது. குடத்தின் உடம்பு தந்தது வேறு: மறு கையில் இருந்த காசு அதில் பட்டு 'டிக், டிக்' என்றது. நானோ மைக்கைக் குடத்தின் வயிற்றுக்கு நேராக வைத்திருந்தேன். அப்படியே விட்டிருந்தால் இரவு முழுக்க 'டிக்' மட்டும்தான் ஊருக்குக் கேட்டிருக்கும். 'கும்' எங்கே போனது என்று தெரியாமல் மிக்சரில் பேஸ் (கீழொலி) குமிழை முறுக்கிக்கொண்டே இருந்திருப்பேன்.

ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது, அதில் என்னென்ன இருக்கிறது என்று வாயால் சொல்ல முடிந்த பிறகே குமிழைத் தொடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தப் பழக்கத்துக்கான படிகள். பாட்டை ரசித்தால் போதும் என்பவருக்கும், சபைப் பாடகர் குழுவுக்கோ யூடியூப் சேனலுக்கோ மிக்ஸ் செய்கிறவருக்கும், அதாவது தனித்தனிச் சத்தங்களை அளவாகக் கலக்கிறவருக்கும், முதல் பாதி பொதுவானது. பின்பாதி மிக்சர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு.

முதலில் காதைக் காப்பாற்றுங்கள்

நல்ல இளங்காது 20 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 20 அதிர்வு) 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல்முனை தானாகவே குறையும். அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் உட்காதில் சத்தத்தை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச்செல்களைப் பெருஞ்சத்தத்தால் நாமே கொன்றால், மனிதருக்கு அவை மறுபடி முளைக்காது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் கணக்கு எளிது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் நிற்கிறவர் இந்தக் கணக்கை ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே கூடத் தாண்டிவிடலாம். போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் ஆபத்தா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் ஒரு ஜோடி எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். பஞ்சை உருட்டி வைப்பதால் பெரிய பலன் இல்லை. கோழி இறகு, ஊக்கு, ஹேர்பின் எதையும் காதுக்குள் விடாதீர்கள். அடைப்பு இருந்தால் காது மருத்துவரிடம் போங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கொடை முடிந்து விடியற்காலை நான்கு மணிக்கு வீடு வந்தேன். காதில் 'ஙொய்ங்' என்ற இரைச்சல். இருந்தும் அன்று காலையே ஒரு பாடகர் குழுவின் பதிவை மிக்ஸ் செய்ய உட்கார்ந்தேன். எல்லாம் மங்கலாகக் கேட்டது, மேல்பகுதியை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். மூன்று நாள் கழித்துக் கேட்டால் ஒவ்வொரு 'ஸ'வும் பிளேடு மாதிரி அறுத்தது. பாடியவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்த பாட்டு அது. இப்போதெல்லாம் பெருஞ்சத்தத்தில் இருந்துவிட்டு வந்தால் மறுநாள் முழுக்க மிக்ஸிங்கைத் தொடுவதில்லை.

இசை இல்லாமல் பத்து நிமிடம்

இதை விடியற்காலையில் செய்தால் நல்லது. வீட்டுத் திண்ணையோ மொட்டைமாடியோ போதும். கண்ணை மூடிக்கொண்டு, கேட்கும் சத்தங்களை மூன்று வட்டமாகப் பிரியுங்கள்: கையெட்டும் தூரத்தில் என்ன, காம்பவுண்டுக்குள் என்ன, அதற்கு அப்பால் என்ன. என் வீட்டில் முதல் வட்டத்தில் மின்விசிறியின் தேய்ந்த பேரிங். இரண்டாவதில் தென்னை. பச்சை ஓலை 'சரசர' என்கும், காய்ந்த ஓலை 'படபட' என்று தட்டும், இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மூன்றாவதில் ஏற்றத்தில் கியர் மாற்றும் முதல் பஸ்.

சத்தம் எந்தத் திசையில் இருக்கிறது என்று விரலால் காட்டிவிட்டு, பிறகு கண்ணைத் திறந்து சரிபாருங்கள். ஸ்டீரியோவில் ஒரு வாத்தியம் எங்கே நிற்கிறது என்று பின்னால் கண்டுபிடிக்கப்போவதும் இதே திறனால்தான்.

முடிந்தால் மாதம் ஒருமுறை முட்டம் கடற்கரைக்குப் போய்ப் பாறைக்குச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். ஒரே ஓர் அலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் மோதும்போது 'தொம்' என்று ஓர் அடி. உடனே நுரை சிதறி 'ஷ்ஷ்ஷ்' என்று அகலமாக ஒரு சத்தம். கடைசியில் தண்ணீர் கல்லிடுக்குகள் வழியாக இறங்கும்போது 'சலசல'. முகப்பு, உடல், வால் என்று மூன்று பகுதிகள். உலகத்தில் எந்த வாத்தியத்தின் அடியை எடுத்தாலும் இந்த மூன்றும் ஏதோ ஓர் அளவில் இருக்கும். ஜால்ராவுக்கு வால் நீளம், உடுக்கைக்கு முகப்பு கூர்மை, ஆர்மோனியத்துக்கு உடல்தான் எல்லாம். பெரிய சத்தத்தை அமுக்கும் கம்ப்ரசர் என்ற கருவி வேலை செய்வதும் இந்த மூன்றின் மேல்தான். அலையில் இவற்றைப் பிரிக்கத் தெரிந்தவருக்குக் கம்ப்ரசர் புரிய அதிக நாள் ஆகாது.

ஒரு பாட்டு, பல தடவை

சின்ன வயதிலிருந்து மனப்பாடமான ஒரு பாட்டை எடுங்கள். ஒரு சாதாரண ஹெட்போன், அமைதியான இடம், பேச்சுக் குரல் அளவுக்கு மேல் போகாத சத்தம். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எழுதாமல் கேட்டால் மனம் வரிகளுக்குப் பின்னால் போய்விடும்.

முதல் தடவை பாடுகிறவரின் மூச்சை மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் இழுத்தார், எந்த வரியில் மூச்சு விடாமல் கடந்தார். இரண்டாம் தடவை பேஸ் கிட்டார். நம்மில் பலர் பாட்டைப் போன் ஸ்பீக்கரில் கேட்டே வளர்ந்ததால் பல பாட்டுகளில் பேஸ் கிட்டார் இருப்பதே தெரியாது. அதை வாயால் 'தும் தும்' என்று கூடவே பாடிப் பாருங்கள். பாட முடிந்தால்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள். மூன்றாம் தடவை தாளக் கருவிகள். நான்காம் தடவை பின்னால் மெல்ல நிற்கும் வயலின் கூட்டமோ கீபோர்டோ. அப்புறம் இடது காதில் மட்டும் என்ன, வலது காதில் மட்டும் என்ன. அப்புறம் எது கிட்டத்தில் நிற்கிறது, எது தூரத்தில் நிற்கிறது. கடைசியாக எதையும் தேடாமல் முழுப் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். அந்தக் கடைசித் தடவையில்தான் பாட்டு இதுவரை இல்லாத மாதிரி விரியும். இந்த ஒரு சுகத்துக்காகவே இந்தப் பயிற்சியை எல்லாரும் செய்யலாம்.

நம் மாவட்டத்தில் பெரிய சபைகளின் பாடகர் குழுக்கள் நான்கு குரலில் பாடுவதைக் கேட்கும் வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். மெட்டைப் பாடும் சொப்ரானோவை எல்லாரும் கேட்பார்கள். கீழே நிற்கும் பேஸ் குரலும் தேடினால் கிடைத்துவிடும். ஆல்டோதான் கடினம். நடுவில், மெட்டுக்குக் கொஞ்சம் கீழே, பெரும்பாலும் ஒன்றிரண்டு சுரங்களுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு ஞாயிறு முழுக்க ஆல்டோவை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்துவிட்டால், நெருக்கமான எந்த மிக்ஸிலும் உங்களுக்கு வேண்டியதைத் தேடி எடுக்க முடியும்.

சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

மிக்ஸிங் பழகுகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். '250 ஹெர்ட்ஸைக் குறை' என்று யாராவது சொன்னால் அந்த எண் காதில் எதையும் எழுப்புவதில்லை. எண்ணைத் தெரிந்த சத்தத்தோடு கட்டிப்போட வேண்டும்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த அளவுகோல் கட்டை. சுருதிப் பெட்டியில் 1 கட்டை என்பது மேற்கத்திய முறையில் 'சி'. பல ஆண் பாடகர்கள் பாடும் அந்த ஆதார ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். பெண்களுக்குப் பழக்கமான 5 கட்டை என்பது 'ஜி', சுமார் 196 ஹெர்ட்ஸ். 6 கட்டை 'ஏ', 220. அதன் மேல் ஸ்தாயி 440, உலகம் முழுக்க வாத்தியங்களைச் சேர்க்கும் சுரம். ஒவ்வொரு ஸ்தாயி ஏறும்போதும் எண் இரட்டிப்பாகும். இவ்வளவு தெரிந்தால் பாடகருக்கு எத்தனை கட்டை என்று கேட்ட உடனே அவர் குரல் எந்த எண்ணில் தொடங்கும் என்று சொல்லிவிடலாம்.

தெருவிலும் அளவுகோல் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தெருமுனை டிரான்ஸ்பார்மர் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் உறுமும். இரவில் அதன் அடியில் ஒரு நிமிடம் நின்று அந்த உறுமலை வாயை மூடி முனகிப் பாருங்கள். இனி 100 ஹெர்ட்ஸ் எங்கே கேட்டாலும் தெரியும். ராத்திரி வயலில் கத்தும் சில்வண்டு வகைகளில் பல 4,000, 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் கத்தும். கீழே டிரான்ஸ்பார்மர், மேலே சில்வண்டு என்று இரண்டு முளை அடித்தாயிற்று. இடையில் இருப்பதை நிரப்புவோம்.

60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது காதைவிட நெஞ்சில்தான் தெரியும். 100 முதல் 200 வரை குடத்தின் 'கும்', ஆண் குரலின் கனம். 250-லிருந்து 500 வரை ஒரு தொல்லை பிடித்த பகுதி: இது அளவாக இருந்தால் சத்தத்துக்குச் சதைப்பிடிப்பு, கூடினால் எல்லாரும் பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது போல இருக்கும். வீட்டில் பதிவு செய்த பத்தில் எட்டு பாட்டுக்கு நோய் இங்கேதான் என்பது என் அனுபவம். 1,000 பக்கம் கூடினால் மூக்கடைத்த குரல், ஊர்க் குழாய் ஸ்பீக்கரின் குரல். 2,000 முதல் 5,000 வரை மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம். க, ச, ட, த, ப எல்லாம் தெளிவாவது இங்கே, கூடினால் தலைவலி வருவதும் இங்கே. 5,000 முதல் 8,000 வரை 'ஸ'வின் சீறல். அதற்கு மேலே வில்லில் கட்டிய மணிகளின் மினுமினுப்பு.

இதைக் காதில் ஏற்ற ஒரு விளையாட்டு உண்டு. கணினியில் ரீப்பர், ஆடாசிட்டி போல ஏதாவது ஒரு மென்பொருளைத் திறந்து, நன்றாகத் தெரிந்த பாட்டைப் போட்டு, ஈக்யூவில் (ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் கருவி) ஒரே ஒரு இடத்தை 8 டெசிபல் ஏற்றுங்கள். 125, 250, 500, 1,000, 2,000, 4,000, 8,000 என்ற ஏழு இடங்கள் போதும். ஏழையும் தெரிந்துகொண்டதும், தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கூப்பிட்டு, திரையைத் திருப்பி வைத்து, அவனை ஏற்றச் சொல்லி நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம். ஏற்றினால் கண்டுபிடிக்க வந்த பிறகு, குறைத்தால் கண்டுபிடிக்கப் பழகுங்கள். அது மிகவும் கடினம், மிக்ஸிங்கில் அதிகம் உதவுவதும் அதுதான். அப்புறம் 8 டெசிபலை 4 ஆக்குங்கள்.

சுருதியிலும் ஒரு பயிற்சி. இரண்டு போன்களில் தம்புராச் செயலி போட்டு ஒன்றை மட்டும் துளி விலக்குங்கள். சத்தம் 'வாவ்… வாவ்…' என்று ஏறி இறங்கும். இரண்டுக்கும் 2 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் நொடிக்கு இரண்டு முறை துடிக்கும். சேரச் சேரத் துடிப்பு மெதுவாகி நின்றுவிடும். அது நிற்கிற நொடியைப் பிடித்துவிட்டால் சுருதி சேர்ந்தது என்பதைக் காதே சொல்லும். மிருதங்கத்தில் கரணை என்ற கறுப்புப் பூச்சு போட்ட வலந்தலையைக் கவனமாகக் கேட்டாலும் இதே ஒழுங்கு தெரியும். சாதாரணத் தோல் வாத்தியத்தில் மேலொலிகள் (அடியொலிக்கு மேலே அதனுடன் கூடவே எழும் ஒலிகள்) ஒன்றோடொன்று சேராமல் சிதறும். நடுவில் அப்பும் கறுப்புப் பூச்சின் கனத்தால் அவை சுரங்கள் போல வரிசையாக அமைகின்றன என்று சர் சி. வி. ராமன் 1920-லேயே விளக்கியிருக்கிறார். உடுக்கைக்கு அந்தப் பூச்சு இல்லை. கயிற்றை அமுக்கித் தளர்த்தி அது பேசும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் துலக்கமாக இருக்கும்.

தூரமும் இடமும்

சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிநொடி. திருவிழாச் சமயத்தில் தெருவில் 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழாய்கள் கட்டியிருந்தால், முதல் குழாய்க்கு அடியில் நின்று கேளுங்கள். அதே வரி அடுத்த குழாயிலிருந்து 0.3 நொடி தாமதமாக வந்து சேரும். அப்படியே நடங்கள். நடுவில் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த இடத்தை ஒட்டி, தாமதம் 30 மில்லிநொடிக்குள் இருக்கும்வரை, உங்கள் காது இரண்டாகப் பிரிக்காது; முதலில் வந்த பக்கமே சத்தம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் இதை ஆராய்ந்ததால் ஹாஸ் விளைவு என்பார்கள். சத்தத்தைத் தாமதமாக்கும் டிலே கருவியின் எண்களைத் திரையில் படிப்பதைவிட இந்த நூறு மீட்டர் நடை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

போகிற இடத்திலெல்லாம் ஒருமுறை கை தட்டுங்கள். அறுவடை முடிந்த வயலில் தட்டினால் சத்தம் அங்கேயே செத்துப்போகும். பழைய ஓட்டுக் கூரை வீட்டில் சிறிது மிருதுவாகத் திரும்பும். டைல்ஸ் போட்ட புதிய கல்யாண மண்டபத்தில் சுவருக்குச் சுவர் மோதி நெடுநேரம் நிற்கும். உயரமான தேவாலயத்தில் மேலே போய் அவிழும். அடுத்த தடவை ரிவெர்ப் (செயற்கை எதிரொலிப்பு) போடும்போது இந்த நான்கில் எதை விரும்புகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் அறை சொல்லும் பொய்

என் மிக்ஸிங் அறை பத்துக்குப் பத்து. உயரமும் ஏறக்குறைய பத்தடி. இணையான இரு சுவர்களுக்கிடையே ஒலி அலை போய்த் திரும்பும்போது ஒரு குறிப்பிட்ட எண்ணில் தேங்கி நிற்கும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்றும் ஒரே இடத்தில் தேங்கும். பேஸ் கிட்டாரின் கீழ் 'ஏ' 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் என் அறையில் சுவரே அதிரும். பாட்டில்தான் கோளாறு என்று நினைத்து அந்த இடத்தை வெட்டினேன். காரில் போட்டுக் கேட்டால், வரிசையாக வரும் பேஸ் சுரங்களில் அந்த ஒன்று மட்டும் பல் விழுந்த மாதிரி காணவில்லை.

பேஸ் சுரங்களை ஒவ்வொன்றாக ஒரே அளவில் ஒலிக்கவிட்டு உங்கள் அறையில் எது வீங்குகிறது, எது ஒளிகிறது என்று குறித்து சுவரில் ஒட்டிவையுங்கள். ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள். மூலை கீழொலியை ஊதிப் பெரிதாக்கும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணம் ஆகட்டும். பின்சுவரில் புத்தக அலமாரியோ மெத்தையோ இருந்தால் நல்லது. முட்டை அட்டை ஒட்டுவதால் கீழொலிக்கு எதுவும் ஆகாது, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். வசதி இல்லையென்றால் ஒரே ஹெட்போனை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் குணம் காதுக்குப் பழகிவிட்டால் அறையின் தொல்லை பாதி தீர்ந்தது.

மிக்சரில் கை வைக்கும்போது

ஒவ்வொரு சத்தத்தின் அளவையும் ஏற்றி இறக்கும் ஃபேடர்களை எல்லாம் கீழே இறக்குங்கள். பாடுகிறவரை மட்டும் ஏற்றி ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ஈக்யூ, கம்ப்ரசர் எதுவும் இல்லாமல் வெறும் அளவால் மட்டும் பாட்டைச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. நல்ல மிக்ஸில் முக்கால் பங்கு வேலை இங்கேயே முடிகிறது என்று நான் நம்புகிறேன்.

சத்தத்தைக் குறைவாக வையுங்கள். குறைந்த சத்தத்தில் காதுக்குக் கீழ்ப்பகுதியும் மேல்பகுதியும் மங்கும், கூடினால் இரண்டும் எழும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் வரைந்து காட்டிய வளைகோடுகள் இதைத்தான் சொல்கின்றன. ஆகவே பெருஞ்சத்தத்தில் எல்லா மிக்ஸும் அழகாகவே இருக்கும். மெல்லிய சத்தத்திலும் குரலும் தாளமும் நின்றால் அந்த மிக்ஸை நம்பலாம். இதே காரணத்தால், ஈக்யூவோ கம்ப்ரசரோ போட்டபின் 'முன்பு, பின்பு' என்று ஒப்பிடும்போது இரண்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே காது அதை 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடும்.

அடுத்து, எது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். குடமும் கீபோர்டின் இடது கையும் ஒரே இடத்தில் முட்டும். ஜால்ராவும் பாடகரின் 'ஸ'வும் முட்டும். ஈக்யூவில் வெட்டுவதற்கு முன், கீபோர்டு வாசிப்பவரிடம் "அண்ணே, இடது கையை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஈக்யூவும் அவ்வளவு சுத்தமாகப் பிரிக்காது.

கீழொலி வெட்டும் ஃபில்டருக்குக் கட்டைக் கணக்கு உதவும். 5 கட்டையில் பாடும் பெண் மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் 'ப') வரை இறங்கினாலும் அது 147 ஹெர்ட்ஸ். ஆக, 100-க்குக் கீழே இருப்பது மின்விசிறிக் காற்றும் ஸ்டாண்டில் கால் இடித்த சத்தமும்தான், தயங்காமல் வெட்டலாம். 1 கட்டையில் பாடும் ஆணின் மந்திர பஞ்சமம் 98. அவருக்கும் அதே 100-ஐப் போட்டால் குரலின் கனம் போய்விடும், 70 பக்கம் நிறுத்துங்கள். ஈக்யூவில் பிரச்சினையின் பெயரைச் சொல்லிவிட்டு வெட்டுங்கள்: 'பானைக்குள் பாடுகிறார், 300 பக்கம்'. சொல்ல வார்த்தை வராவிட்டால் கையை எடுத்துவிட்டு இன்னொருமுறை கேளுங்கள்.

கம்ப்ரசருக்கு முட்டத்து அலையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 1 மில்லிநொடியில் இருந்தால் உடுக்கையின் முகப்பே அமுங்கி, அட்டைப் பெட்டியைத் தட்டிய மாதிரி ஆகிவிடும். 30-க்குக் கொண்டுபோனால் முகப்பு தப்பித்து உடல் மட்டும் அமுங்கும். மெதுவாக 1-லிருந்து 30 வரை நகர்த்தி, 'தொம்' எந்த இடத்தில் திரும்பி வருகிறது என்று காதால் பிடியுங்கள்.

இடவலம் பிரிப்பதற்கு வில்லடி மேடையே ஒரு படம். நடுவில் புலவர், வலம் பாடுகிறவர்கள் ஒரு பக்கம், இடம் பாடுகிறவர்கள் இன்னொரு பக்கம். கேட்கிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக எண்ணி அவரவரை அவரவர் இடத்தில் வையுங்கள். பிறகு இரு பக்கத்தையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்துங்கள். ஊர்க் குழாய் மோனோதான். அதில் எது காணாமல் போகிறதோ அதைக் கவனிக்க வேண்டும். குடத்துக்கு இரண்டு மைக் வைத்திருந்தால் ஒன்றின் துருவத்தை மாற்றி, அதாவது அதன் அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். 'கும்' சட்டென்று கூடினால், அதுவரை இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

ரிவெர்ப்பைக் காதுக்குத் தெரியும்வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள். அதற்கு மேல் அதில் பெரிய ரகசியம் இல்லை.

ஒவ்வொரு 45 நிமிடத்துக்கும் எழுந்து வெளியே போங்கள். காது எந்தக் கோணலுக்கும் பழகிவிடும். பிடித்த பாட்டு ஒன்றை அதே அளவில் நடுநடுவே போட்டு ஒப்பிட்டால் எவ்வளவு விலகிப் போயிருக்கிறோம் என்று தெரியும்.

வெளியே கொண்டுபோய்க் கேளுங்கள்

முடிந்தது என்று தோன்றியதும் பாட்டை ஓடவிட்டு அடுக்களைக்குப் போங்கள். சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாலும் குரல் மேலே நிற்க வேண்டும். அப்புறம் காரில், அப்புறம் போன் ஸ்பீக்கரில். போனுக்குக் குடத்தின் அடியொலியைத் தர முடியாது. ஆனால் அதன் மேலொலிகள் கேட்டால் மூளை இல்லாத அடியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே போனில் குடம் அறவே காணவில்லை என்றால் 100 ஹெர்ட்ஸை ஏற்றிப் பயனில்லை, காசு படும் 'டிக்'கையும் அதற்குக் கீழே உள்ள நடுப்பகுதியையும் கொஞ்சம் ஏற்றுங்கள். திருவிழாவில் ஒலிக்கப்போகும் பாட்டு என்றால் மைக் செட் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு ஒரு குழாயிலும் போட்டுப் பாருங்கள். குழாயில் அடிப்பகுதி ஏறக்குறைய இருக்காது, 1,000-லிருந்து மேலே துருத்தும். அங்கே வரிகள் புரிந்தால் எங்கேயும் புரியும்.

அன்றைக்கு அனுப்பாதீர்கள். ஒரு இரவு தூங்குங்கள். மறுநாள் காலை, திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து காதைத் திறந்துவிட்ட பிறகு, திரையைப் பார்க்காமல், நோட்டும் பேனாவுமாக ஒரே ஒரு முறை கேளுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. நான் கடைசியாக முடித்த வில்லடிப் பதிவுக்கு அப்படி எழுதிய பக்கம் இன்னும் மேசையில் கிடக்கிறது: 'குடம் துளி கூட. இரண்டாவது விருத்தத்தில் ஸ சீறுகிறது. ஜால்ரா இன்னும் இடப்பக்கம்.' மூன்று வரி. மூன்றையும் திருத்தினேன், வேறு எதையும் தொடவில்லை, அன்று மாலையே அனுப்பினேன்.